திரும்பும் வழி சொன்ன மேதை ஆலன் டூரிங்

ஒரு நிரலை எழுதுகிறோம், கம்பைல் செய்கிறோம், அது ஓடக்கூடிய கோப்பாக வட்டில் வந்து அமர்கிறது. அவ்வாறு ஆயத்தமாக இருக்கும் ஒரு நிரலை, நாம் எழுதும் இன்னொரு நிரலின் உள்ளிருந்தே ஓட வைக்க முடியுமா? சி மொழி பயிலும் மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி இது. கணிப்பொறி அறிவியல் பாடம் நடத்தும் நான் இதற்கு இரண்டு விடைகள் உண்டு என்று கூறுவது வழக்கம். முதல் விடை கரும்பலகையில் அடங்கிவிடும். இரண்டாவது விடை ஒரு மனிதரின் வாழ்க்கை. பாடவேளைக்குள் அடங்காத அந்த விடையை நம் கல்லூரி மலரின் பக்கங்களில் சொல்ல விழைகிறேன்.

முதல் விடையை முதலில் பார்த்துவிடுவோம். சி மொழியில் சிஸ்டம் என்றொரு செயற்கூறு உண்டு. ஓட வேண்டிய நிரலின் பெயரை அதனிடம் கொடுத்தால், அது அப்பெயரை ஷெல் என்னும் கட்டளை ஏற்பானிடம் ஒப்படைக்கும். அந்த நிரல் ஓடி முடியும்வரை நம் நிரல் காத்து நிற்கும். முடிந்தபின் விட்ட இடத்திலிருந்து தொடரும். யூனிக்ஸ், லினக்ஸ் ஆகியவற்றில் இதையே விளக்கமாகச் செய்ய மூன்று அழைப்புகள் உள்ளன. ஃபோர்க் என்ற அழைப்பு, ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு அச்சு அசலான ஒரு பிரதியை உண்டாக்குகிறது. முன்னது தாய், பின்னது சேய். ஃபோர்க் சேய்க்குச் சுழியத்தையும், தாய்க்குச் சேயின் எண்ணையும் விடையாகத் தருவதால், தான் யார் என்பதை இரண்டும் அறிந்துகொள்கின்றன. அடுத்து, சேய் எக்செக் என்ற அழைப்பைச் செய்கிறது. உடனே அதன் பழைய ஆணைகள் நினைவகத்திலிருந்து நீங்கி, அவ்விடத்தில் புதிய நிரல் குடியேறுகிறது. எக்செக் வெற்றி பெற்றால் பழைய ஆணைகளுக்குத் திரும்புவதே இல்லை, தோற்றால்தான் திரும்பும். தாயோ வெயிட் என்ற அழைப்பில் காத்திருந்து, சேய் முடியும்போது தரும் எண்ணைப் பெற்றுக்கொண்டு தன் வேலையைத் தொடர்கிறது.

செய்முறை இவ்வளவே. ஆனால் இதன் அடியில் மூன்று பெரிய கருத்துகள் அடித்தளமாகக் கிடக்கின்றன. நிரல் என்பதும் ஒரு தரவே. அதை எழுதி வைக்கலாம், இன்னொன்றிடம் கொடுக்கலாம் என்பது ஒன்று. ஒரு வேலையை விட்டு மற்றொன்றுக்குச் செல்லுமுன் திரும்ப வேண்டிய இடத்தைக் குறித்து வைக்க வேண்டும் என்பது இரண்டு. போன வேலை முடியுமா, முடியாதா என்பதை முன்கூட்டியே சொல்ல எல்லா நிரல்களுக்கும் பொருந்தும் வழி கிடையாது என்பது மூன்று. இம்மூன்றையும், இன்றைய கணிப்பொறி பிறவாத காலத்திலும் அது பிறந்துகொண்டிருந்த காலத்திலும் சிந்தித்து எழுதிய பெருமகனார் ஆலன் மேத்திசன் டூரிங் ஆவார்.

நம் மண்ணோடு ஓர் உறவு

டூரிங் 1912-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். பிறந்தது இலண்டன் என்றாலும், அக்குடும்பத்தின் வேர்கள் நம் பக்கத்தில் பரவியிருந்தன. தந்தையார் ஜூலியஸ் டூரிங் சென்னை மாகாணத்தில் இந்திய ஆட்சிப் பணியில் இருந்தவர். அன்று அம்மாகாணத்தைச் சேர்ந்ததாகவும் இன்று ஒடிசாவைச் சேர்ந்ததாகவும் உள்ள சத்ரபூரில் அலுவல் பார்த்தவர். தாயார் ஈதெல் சாரா, கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் 1881-இல் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனார் எட்வர்டு ஸ்டோனி, மதராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். டூரிங்கின் அண்ணன் ஜான் 1908-இல் பிறந்தது நம் குன்னூரில்தான். போத்தனூர் வழியாக ரயிலில் செல்லும்போதெல்லாம் இந்த உறவு என் நினைவுக்கு வருவதுண்டு.

தந்தையின் பணி இந்தியாவில். பிள்ளைகள் வளர்ந்ததோ இங்கிலாந்தில். அண்ணன் தம்பி இருவரும் ஹேஸ்டிங்ஸ் நகரத்தை ஒட்டிய கடற்கரை ஊரில், ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவரின் வீட்டில் விடப்பட்டனர். பெற்றோர் கடல் கடந்து போவதும் விடுப்பில் திரும்பி வருவதுமாக அவர்தம் இளமை கழிந்தது. இந்தியாவில் பணிபுரிந்த ஆங்கிலேயர் குடும்பங்களில் இது அன்று வழக்கமே. ஆயினும் சிறுவனின் மனத்தில் இந்தப் பிரிவும் காத்திருப்பும் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கும் என்பதைப் பெற்றோரைப் பிரிந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் என்னைவிட நன்கு உணர்வார்கள்.

பள்ளியும் நட்பும்

1926-ஆம் ஆண்டு ஷெர்போர்ன் என்னும் ஊரின் உறைவிடப் பள்ளியில் சேர வேண்டிய சமயத்தில் நாடெங்கும் பொது வேலைநிறுத்தம், ரயில்கள் ஓடவில்லை. பதின்மூன்று வயதுச் சிறுவனான டூரிங் சவுத்தாம்ப்டன் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 60 மைல் தூரத்தைச் சைக்கிளிலேயே கடந்து, வழியில் ஒரு விடுதியில் இரவு தங்கி, பள்ளியை அடைந்தார். எண்ணியதை முடிக்கும் உறுதி அன்றே அவரிடம் குடிகொண்டிருந்தது.

இலத்தீன் முதலிய பாடங்களுக்கே அப்பள்ளியில் முதன்மை. அறிவியலிலும் கணக்கிலும் மூழ்கிக் கிடந்த மாணவனை ஆசிரியர்கள் எளிதில் புரிந்துகொள்ளவில்லை. அவரைப் புரிந்துகொண்ட தோழன் கிறிஸ்டோபர் மார்க்கம். வானியலும் வேதியியலும் பேசிப் பேசி வளர்ந்த நட்பு அது. 1930-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் அத்தோழன் காசநோயால் மறைந்தான். உடலை விட்ட மனம் எங்கே போகிறது, மனம் என்பதும் இயற்கை விதிகளுக்கு உட்பட்டதுதானா என்ற வினாக்கள் அன்று முதல் டூரிங்கை விடாமல் தொடர்ந்தன. தோழன் விட்டுச்சென்ற அறிவியல் கனவைத் தான் தொடர வேண்டும் என்று அவர் உறுதி பூண்டார்.

எழுதப்பட்ட இயந்திரம்

1931-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்து கணிதம் பயின்ற டூரிங், 1935-இல் தம் இருபத்திரண்டாம் வயதிலேயே அக்கல்லூரியின் ஆய்வறிஞராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டு மேக்ஸ் நியூமன் என்ற பேராசிரியரின் சொற்பொழிவுகளைக் கேட்டபோது, ஜெர்மானியக் கணித மேதை ஹில்பர்ட் எழுப்பிய வினா ஒன்று அவரை ஆட்கொண்டது. கணிதக் கூற்று ஒன்றைக் கொடுத்தால், அதை நிறுவ முடியுமா முடியாதா என்று இயந்திர கதியில் சொல்லிவிடும் ஒரு பொதுமுறை உண்டா என்பதே அவ்வினா.

இயந்திர கதி என்றால் என்ன? டூரிங் தாளும் பென்சிலும் கொண்டு கணக்குப் போடும் ஒரு மனிதரை எண்ணிப் பார்த்தார். அவர் பார்ப்பது ஒரு நேரத்தில் சில குறிகளை. எழுதுவது ஒரு குறியை. பின்னர் அடுத்த கட்டத்துக்கு நகர்கிறார். இதையே ஒரு கற்பனை இயந்திரமாக ஆக்கினார். கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்ட முடிவில்லாத நாடா. ஒரு கட்டத்தைப் படித்து எழுதும் தலைப்பகுதி. எந்த நிலையில் எந்தக் குறியைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று கூறும் ஒரு பட்டியல். அவ்வளவே! இந்த எளிய பொறியால், விதிப்படி செய்யக்கூடிய எந்தக் கணக்கையும் செய்ய முடியும் என்று அவர் வாதிட்டார்.

அதன்பின் அவர் எடுத்து வைத்த அடிதான் வியப்புக்குரியது. ஓர் இயந்திரத்தின் பட்டியலையே குறிகளாக மாற்றி, மற்றோர் இயந்திரத்தின் நாடாவில் எழுதிவிடலாம் அல்லவா? அந்த இரண்டாவது இயந்திரம் நாடாவில் உள்ள பட்டியலைப் படித்து, முதல் இயந்திரம் என்னவெல்லாம் செய்யுமோ அவற்றை ஒன்று விடாமல் செய்துவிடும். இதற்குப் பொது இயந்திரம் என்று பெயர். கூட்டலுக்கு ஒரு பொறி, பெருக்கலுக்கு ஒரு பொறி என்று தனித்தனியே செய்ய வேண்டியதில்லை. ஒரே பொறி போதும், நிரல்தான் மாற வேண்டும். 1936-ஆம் ஆண்டு மே மாதம் அவர் அளித்த ஆய்வுக் கட்டுரையில் இக்கருத்து முழு வடிவில் உள்ளது.

நம் சி நிரல் மற்றொரு நிரலின் பெயரை எக்செக்கிடம் கொடுக்கும்போது நிகழ்வது என்ன? வட்டில் வெறும் எண்களின் தொகுதியாக, ஒரு கடிதத்தைப் போலவோ படத்தைப் போலவோ தூங்கிக்கொண்டிருந்த கோப்பு, நினைவகத்தில் ஏற்றப்பட்ட அக்கணத்தில் செயலாக எழுந்து நிற்கிறது. தரவுக்கும் நிரலுக்கும் இடையே சுவர் இல்லை என்ற டூரிங்கின் கருத்து அங்கே கண்முன் நடக்கிறது.

முடிவு தெரியாத கேள்வி

அதே கட்டுரையில் ஹில்பர்ட்டின் வினாவுக்கும் விடை இருந்தது. அப்படியொரு பொதுமுறை இல்லை என்பதே அவ்விடை. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அலன்சோ சர்ச் என்ற அறிஞரும் வேறொரு வழியில் சென்று, சற்று முன்னதாகவே இதே முடிவை வெளியிட்டிருந்தார். எனினும் டூரிங் சென்ற வழி அனைவர்க்கும் விளங்குவதாக இருந்தது. அவர் கட்டுரையில் கேட்ட கேள்வியின் வடிவம் சற்று வேறு. இன்று வகுப்பறைகளில் வழங்கும் வடிவில் அதை இங்கே தருகிறேன்.

எந்த நிரலைக் கொடுத்தாலும், அது ஓடி முடியுமா அல்லது முடிவின்றிச் சுழலுமா என்று சரியாகச் சொல்லும் ஒரு நிரலை யாரோ எழுதிவிட்டதாகக் கொள்வோம். அதற்குச் சோதகன் என்று பெயர் வைப்போம். இப்போது நான் குறும்பன் என்று ஒரு நிரல் எழுதுகிறேன். குறும்பன் தன் உள்ளிருந்து சோதகனை அழைக்கிறது. குறும்பன் ஆகிய நான் முடிவேனா என்று தன்னைப் பற்றியே கேட்கிறது. முடியும் என்று சோதகன் சொன்னால், குறும்பன் முடிவில்லாமல் சுழலத் தொடங்கும். முடியாது என்று சொன்னால், குறும்பன் அக்கணமே முடிந்துவிடும். ஆக, சோதகன் எதைச் சொன்னாலும் அது பொய்யாகிறது! எனவே அப்படி ஒரு சோதகன் இருக்கவே முடியாது.

இந்த நிறுவலின் உயிர்நிலை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒரு நிரல் இன்னொரு நிரலைத் தன்னுள்ளிருந்து ஓடச் செய்கிறது, அதில்தான் இருக்கிறது. டூரிங்கின் மூலக் கட்டுரையிலும், சோதிக்கும் இயந்திரத்தையும் பொது இயந்திரத்தையும் ஒன்றனுள் ஒன்றாக இணைத்தே முரண்பாடு வருவிக்கப்பட்டது. தாய் நிரல் வெயிட் என்று காத்து நிற்கும்போது, சேய் திரும்புமா என்பதற்கு எல்லா நிரல்களுக்கும் பொதுவான உத்தரவாதம் எதுவும் அதனிடம் கிடையாது. அதனால்தான் பொறுப்புள்ளவர்கள் எழுதும் நிரல்களில் இவ்வளவு நேரம்தான் காத்திருப்பேன் என்ற கெடு வைக்கப்படுகிறது.

1936-இல் பிரின்ஸ்டன் சென்ற டூரிங், சர்ச்சின் வழிகாட்டலில் 1938-இல் முனைவர் பட்டம் பெற்று நாடு திரும்பினார்.

போர்க்காலத் தொண்டு

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. போர் அறிவிக்கப்பட்ட மறுநாள், செப்டம்பர் 4 அன்று, டூரிங் பிளெட்ச்லி பார்க் என்ற மாளிகைக்குச் சென்று சேர்ந்தார். பகைவரின் மறைமொழிச் செய்திகளை உடைக்கும் இரகசிய நிலையம் அது. ஜெர்மானியர் எனிக்மா என்ற பொறியைக் கொண்டு தம் செய்திகளை மறைத்து அனுப்பினர். போலந்து நாட்டுக் கணித வல்லுநர்களான ரெயெவ்ஸ்கி முதலியோர் 1932-லேயே அதன் அமைப்பைக் கண்டறிந்து, 1939 ஜூலையில் அவ்வறிவை நேச நாட்டினருக்கு வழங்கியிருந்தனர். அந்த அடித்தளத்தின் மேல் நின்று டூரிங் பாம்ப் என்னும் புதிய பொறியை வடிவமைத்தார். செய்தியில் இன்ன சொற்றொடர் இருக்கக்கூடும் என்று ஊகித்து, அதற்கு முரணாகும் அமைப்புகளை எல்லாம் விரைந்து கழித்துத் தள்ளுவது அதன் வேலை. முதற்பொறி 1940 மார்ச்சில் இயங்கத் தொடங்கியது. கார்டன் வெல்ச்மன் என்பவர் செய்த திருத்தம் அதன் திறனைப் பன்மடங்கு பெருக்கியது.

எட்டாம் குடில் எனப்பட்ட பிரிவின் தலைவராக இருந்து, ஜெர்மானியக் கடற்படையின் மறைமொழியை உடைத்தது டூரிங்கின் தனிச்சிறப்பு. அட்லாண்டிக் கடலில் உணவும் பொருளும் ஏற்றி வந்த கப்பல்களை நீர்மூழ்கிகளிடமிருந்து காக்க அது பேருதவி செய்தது. ஆட்களும் வசதியும் போதாமற் போனபோது, 1941 அக்டோபரில் டூரிங் உள்ளிட்ட நால்வர் மேலதிகாரிகளைத் தாண்டிப் பிரதமர் சர்ச்சிலுக்கே கடிதம் எழுதினர். அவர்கள் கேட்டதை உடனே செய்து தருமாறு சர்ச்சில் ஆணையிட்டார். 1946-இல் டூரிங்குக்கு அரசு விருது ஒன்று கிடைத்தது. ஆனால் எதற்காக என்பதை எவரிடமும் சொல்ல அவருக்கு உரிமை இல்லை.

அவர் பழக்கங்கள் சில நகைப்பை ஊட்டுபவை. மகரந்த ஒவ்வாமைக்கு அஞ்சி நச்சுப்புகை முகமூடி அணிந்து சைக்கிளில் செல்வார். தேநீர்க் கோப்பை களவு போகாதிருக்க அதைச் சங்கிலியால் பிணைத்து வைப்பார். அவர் நெடுந்தூர ஓட்டத்திலும் வல்லவர். 1947-இல் மாரத்தான் ஓட்டத்தை 2 மணி 46 நிமிடம் 3 நொடியில் முடித்தவர்.

திரும்பும் வழி

போர் முடிந்த 1945-இல் டூரிங் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். கற்பனையில் கண்ட பொது இயந்திரத்தை மின்னணுக் கருவியாகக் கட்டும் திட்டம் அங்கே அவர் கைக்கு வந்தது. அதற்கு ஏஸ் என்று பெயர். 1945 இறுதியில் அவர் எழுதி முடித்து, 1946 மார்ச்சில் ஆய்வகக் குழுவின் முன் வைக்கப்பட்ட அறிக்கை, மின்சுற்று முதல் நிரல் எழுதும் முறை வரை அனைத்தையும் விவரித்தது.

நம் கேள்விக்கு நேரான விடை அந்த அறிக்கையில்தான் இருக்கிறது. பெரிய கணக்கு ஒன்றில் சிறிய கணக்குகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஒவ்வொரு முறையும் அவற்றுக்கான ஆணைகளைத் திரும்ப எழுதுவது வீண். ஒரே முறை எழுதி ஓரிடத்தில் வைத்துவிட்டு, வேண்டும்போது அங்கே போய் வரலாம். போவது எளிது, திரும்பி வருவது எப்படி? அச்சிறு கணக்கைப் பத்து இடங்களிலிருந்து அழைத்தால், முடிந்ததும் எந்த இடத்துக்குத் திரும்புவது? டூரிங் சொன்ன வழி எளிமையானது. போகுமுன் விட்ட இடத்தைக் குறிப்பாக எழுதிப் புதைத்து வை. வேலை முடிந்ததும் அக்குறிப்பைத் தோண்டி எடுத்து, அது காட்டும் இடத்துக்குப் போ. புதைத்தல், தோண்டி எடுத்தல் என்று பொருள்படும் சொற்களையே அச்செயல்களுக்கு அவர் பெயராகச் சூட்டினார்.

சிறு கணக்கு தன்னுள் இன்னொரு சிறு கணக்கை அழைத்தால்? அதற்கும் அவர் வழி வைத்திருந்தார். குறிப்புகளை வரிசையாக அடுக்கி, கடைசியாக வைத்ததை முதலில் எடுக்க வேண்டும். விருந்து வீட்டில் கழுவி அடுக்கிய தட்டுகளை மேலிருந்து எடுப்பது போன்றது இது. இன்று நாம் ஸ்டேக் என்று படிக்கும் அடுக்கு இதுவே. இதையெல்லாம் தேக்கி வைக்க அன்று இருந்தது என்ன தெரியுமா? ஏறக்குறைய ஐந்தடி நீளமுள்ள பாதரசக் குழாய்கள்! அவற்றுள் ஒலி அலைகளாகச் சுற்றிச் சுற்றி வரும் 1024 இருநிலை இலக்கங்கள்தாம் ஒரு குழாயின் நினைவு.

இத்துறையில் டூரிங் ஒருவரே உழைத்தார் என்று சொல்வது நேர்மையாகாது. அமெரிக்காவில் வான் நாய்மன் குழுவினரும் அதே காலத்தில் இவ்வழியில் சிந்தித்தனர். கேம்பிரிட்ஜில் 1949 மே மாதம் இயங்கிய எட்சாக் கணிப்பொறியில் துணை நிரல்களின் நூலகத்தையே உருவாக்கிக் காட்டியவர் டேவிட் வீலர். ஆயினும், திரும்பும் குறிப்புகளை அடுக்கி வைக்கும் முறையை 1945-லேயே எழுத்தில் வடித்த பெருமை டூரிங்குடையது.

சி மொழியில் ஒரு செயற்கூறு மற்றொன்றை அழைக்கும்போது, திரும்பும் முகவரி இன்றும் அப்படித்தான் அடுக்கில் ஏறுகிறது. நிரலே இன்னொரு நிரலை அழைக்கும்போது பணி இன்னும் பெரிது. இரண்டுக்கும் நினைவகம் தனித்தனி. ஒன்றன் அடுக்கு மற்றொன்றுக்குத் தெரியாது. அங்கே குறிப்பைப் பத்திரமாக வைத்திருப்பது இயக்க அமைப்பு. தாய் எங்கே நின்றது, சேயின் எண் என்ன, அது என்ன விடையோடு முடிந்தது என்பனவெல்லாம் அதன் பேரேட்டில் உள்ளன. சேய் முடிந்தும் தாய் வந்து விடையைப் பெற்றுக்கொள்ளாவிட்டால், அச்சேயின் பெயர் பேரேட்டிலிருந்து நீங்காமல் பிணம்போல் கிடக்கும். ஸோம்பி என்றே அதற்குப் பெயர்.

மான்செஸ்டர் நாட்கள்

ஏஸ் திட்டம் நிர்வாகத் தாமதங்களில் சிக்கியது. மனம் சலித்த டூரிங் 1948-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் சென்றார். அவ்வாண்டு ஜூன் 21-ஆம் நாள், வில்லியம்ஸ், கில்பர்ன் ஆகியோர் கட்டிய சிறிய கணிப்பொறி, நினைவகத்திலேயே வைக்கப்பட்ட நிரலை அங்கே முதன்முதலாக ஓட்டியிருந்தது. ஏஸின் சிறிய மாதிரி டூரிங் இல்லாமலே 1950 மே மாதம் ஓடியது. மான்செஸ்டர் கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோருக்கான கையேட்டை டூரிங்கே எழுதினார்.

1949 ஜூனில் கேம்பிரிட்ஜில் நடந்த மாநாட்டில் அவர் ஒரு சிறு கட்டுரை படித்தார். பெரிய நிரல் ஒன்று சரியானதா என்று எப்படிச் சோதிப்பது என்பது பொருள். நிரலின் ஒவ்வொரு கட்டத்திலும் எது உண்மையாக இருக்க வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும்; மேலும், ஒவ்வொரு சுற்றிலும் குறைந்துகொண்டே வரும் ஓர் அளவைக் காட்டி, நிரல் நிச்சயம் முடியும் என்று நிறுவ வேண்டும் என்றார். எல்லா நிரல்களுக்கும் பொதுவான சோதனை கிடையாது என்று நிறுவிய அதே மனிதர், உன் நிரலுக்கு நீயே பொறுப்பேற்றுக் காட்டலாம் என்ற வழியையும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அவர் கட்டுரைகளுள் மிகவும் பிடித்தது இதுவே.

1950-இல், இயந்திரம் சிந்திக்குமா என்ற வினாவை எடுத்துக்கொண்டு அவர் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. உரையாடலை மட்டும் கொண்டு மனிதரையும் இயந்திரத்தையும் பிரித்தறிய இயலுமா என்ற அவரது சோதனை, இன்றைய செயற்கை அறிவுப் பேச்சுகளில் தவறாமல் இடம்பெறுகிறது. 1951-இல் அவர் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1952-இல், உயிரினங்களின் உடலில் கோடுகளும் புள்ளிகளும் தோன்றுவதற்கான கணிதத்தை வெளியிட்டார்.

இருண்ட முடிவு

அதே 1952-ஆம் ஆண்டில் அவர் வாழ்வில் இருள் சூழ்ந்தது. வீட்டில் நடந்த களவு ஒன்றைப் பற்றி அவரே காவல் துறையினரிடம் முறையிட்டார். விசாரணையின்போது, தமக்கு ஓர் ஆணுடன் உறவு இருந்ததை ஒளிக்காமல் கூறினார். அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் அது குற்றம். மார்ச் 31-ஆம் நாள் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. சிறைக்குப் பதிலாக, ஹார்மோன் மருந்துகளை ஓராண்டுக் காலம் உடலில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையை அவர் ஏற்க நேர்ந்தது. அரசின் மறைமொழிப் பணிகளின் கதவும் அவருக்கு மூடப்பட்டது. எந்த நாட்டைக் காக்க இரவு பகலாக உழைத்தாரோ, அந்த நாடே அவரை நம்பத்தகாதவர் என ஒதுக்கியது. தாம் செய்த தொண்டைச் சொல்லித் தம்மைக் காத்துக்கொள்ளவும் அவருக்கு வழியில்லை. இரகசியம் அவர் வாயைக் கட்டியிருந்தது.

1954 ஜூன் 7-ஆம் நாள் சயனைடு நஞ்சால் அவர் உயிர் பிரிந்தது. மறுநாள் பணிப்பெண் வந்து கண்டபோது, படுக்கையருகே பாதி தின்ற ஆப்பிள் ஒன்று கிடந்தது. தற்கொலை என்று விசாரணை முடிவு செய்தது. வேதியியல் சோதனையில் நேர்ந்த விபத்து என்றே தாயார் இறுதிவரை நம்பினார். மகனின் வரலாற்றை 1959-இல் நூலாகவும் எழுதினார். நாற்பத்திரண்டாம் பிறந்தநாளுக்கு இன்னும் பதினாறு நாட்களே இருந்தன.

காலம் தந்த தீர்ப்பு

பிளெட்ச்லி பார்க்கின் கதை 1970-களில்தான் வெளியுலகுக்குத் தெரியத் தொடங்கியது. 1967-இல் இங்கிலாந்து அந்தச் சட்டத்தைத் தளர்த்தியது. 2009 செப்டம்பரில் பிரதமர் கார்டன் பிரவுன் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். 2013 டிசம்பரில் அரசியார் மன்னிப்பு வழங்கினார். அத்தகைய குற்றச்சாட்டுகளுக்கு ஆளாகி மறைந்த பிறருக்கும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் மன்னிப்பு அளித்தது. 2021-இல் ஐம்பது பவுண்டு நோட்டில் டூரிங்கின் உருவம் இடம்பெற்றது. ஆங்கிலேயர் நமக்கு 1860-இல் இயற்றித் தந்த தண்டனைச் சட்டத்திலும் இத்தகைய பிரிவு ஒன்று இருந்தது. வயது வந்தோர் மனமொத்துக் கொள்ளும் உறவு குற்றமாகாது என்று நம் உச்ச நீதிமன்றம் 2018-இல்தான் தீர்ப்பளித்தது.

கணிப்பொறித் துறையின் மிக உயர்ந்த பரிசு 1966 முதல் டூரிங்கின் பெயரால் வழங்கப்படுகிறது. 1983-ஆம் ஆண்டு அதைப் பெற்றவர்கள் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும். அவர்கள் ஆக்கிய யூனிக்ஸில்தான் ஃபோர்க், எக்செக், வெயிட் ஆகியன வளர்ந்தன. சி மொழி ரிட்சியின் படைப்பு. நாம் எழுதும் மூன்று வரிகளுக்கும் டூரிங்குக்கும் உள்ள உறவு இவ்வாறு பரிசின் பெயரிலேயே பொறிக்கப்பட்டுவிட்டது.

மாணவ நண்பர்களே! அழைப்பது எளிது, அழைத்தவருக்கும் கடமை உண்டு என்பதே இவ்வாழ்க்கை எனக்கு உணர்த்தும் பாடம். திரும்பும் இடத்தைக் குறித்து வைப்பதும், சென்றது முடியும்வரை காத்திருப்பதும், அது கொண்டுவரும் விடையை மதித்துப் பெற்றுக்கொள்வதும் அழைத்த நிரலின் பொறுப்பு. 1939-இல் ஒரு நாடு டூரிங்கை அழைத்தது. அவர் போனார், கொடுத்த வேலையை முடித்தார். அந்த நாடோ அவர் உயிரோடு இருந்தவரை அவரிடம் திரும்பி வரவில்லை. மன்னிப்புக் கேட்க ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. நிரல் எழுதும்போது எக்செக்கை மட்டும் எழுதிவிட்டு வெயிட்டை விட்டுவிடாதீர்கள் என்று நான் வகுப்பில் சொல்வது தேர்வு மதிப்பெண்ணுக்காக மட்டும் அன்று. உழைத்தவரின் பெயரைப் பேரேட்டில் பிணம்போல் கிடக்க விடாமல், அவர் தந்ததை நன்றியோடு பெற்றுக்கொள்ளும் பண்பு நம் படிப்போடு சேர்ந்து வளர வேண்டும்.